நடுவர் இல்லாமல் பூண்டு ஏலம்: 34 விவசாயி, 11 வியாபாரி, ஆன்லைனில் முடியுமா?

மேல்மலை_தட்டு கேட்டது:

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி சுற்றுவட்டாரத்தில் 34 பூண்டு விவசாயிகள். வாங்குபவர்கள் வடுகபட்டி, வத்தலக்குண்டு, மதுரை வியாபாரிகள் 11 பேர். லாட்டுக்கு 500 கிலோ. சீசனில் வாரம் எட்டு, பத்து லாட் வரும். மூடிய விலை ஏலம். இப்போதைய முறையில் வியாபாரிகள் ஒரே ஒரு நபரின் வாட்ஸ்அப்புக்குத் தனித்தனியாக விலை அனுப்புகிறார்கள். அவர் மாலை 6 மணிக்கு மொத்தப் பட்டியலையும் குழுவில் போடுகிறார். 5.55-க்கு அவர் யாருக்காவது போன் போட்டு "243 நிக்குது, 244 அனுப்பு" என்று சொன்னால் வெளியே தெரியவே தெரியாது. அப்படிச் செய்கிறார் என்று சொல்லவில்லை. செய்தாலும் செய்யாவிட்டாலும் பட்டியல் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் சந்தேகம் தீர மாட்டேன் என்கிறது.

கெடு முடிகிறவரை யாருமே, நடத்துபவர் உட்பட, விலையைப் பார்க்கக் கூடாது. தனி சர்வர், கம்பெனி என்று எதையும் நம்பி இருக்கக் கூடாது. மழை பெய்தால் கிளாவரை பக்கம் டவர் போய்விடும், அதையும் தாங்க வேண்டும். இதற்கு பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேடு) தேவையா, இல்லாமலே ஆகுமா?

ஹாஷ்_முடிச்சு:

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதில் பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது, தரகருக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியது தரகர் கை இல்லாத துண்டு. எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் அந்த வேலையைச் செய்யும். ஹாஷ் என்பது எதைக் கொடுத்தாலும் அதை 64 எழுத்துக் குறியாக மாற்றும் கணக்கு; குறியை வைத்து உள்ளே போட்டதைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது. கெடுவுக்கு முன்னால் எல்லோரும் விலையின் ஹாஷை மட்டும் பொதுவில் போடுகிறார்கள். கெடு முடிந்ததும் விலையைத் திறந்து காட்டுகிறார்கள். அந்த விலைக்கு மறுபடி ஹாஷ் போட்டுப் பார்த்தால் முன்பு போட்டதோடு பொருந்த வேண்டும். ஒரு காசு மாற்றினாலும் பொருந்தாது.

தத்துவம் இரண்டு வரி. தகராறெல்லாம் ஹாஷுக்குள் எதைப் போடுகிறோம் என்பதில் வரும். இந்த வரிசையை வையுங்கள்:

041|07|11|24350|சால்ட்|லாட் சீட்டின் ஹாஷ்

041 ஏல எண், 07 லாட், 11 வியாபாரி எண், 24350 என்பது கிலோவுக்கு 243 ரூபாய் 50 காசு. விலையைக் காசில், முழு எண்ணாக மட்டும் எழுதுங்கள். 243.5, 243.50, ரூ.243.50 மூன்றும் நமக்கு ஒன்று, ஹாஷுக்கு மூன்று. வரியின் கடைசியில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டாலும் கதை கந்தல்.

சால்ட் என்பது போனே உருவாக்கும் 16 பைட் தற்போக்கு (ரேண்டம்) எண், எழுதினால் 32 எழுத்து. இதை விட்டுவிட்டு விலைக்கு மட்டும் ஹாஷ் போடுகிறவர்கள் உண்டு. அது பூட்டாமல் சாத்திய கதவு. 50 ரூபாயிலிருந்து 600 வரை ஐம்பது காசு ஏற்றமாக எடுத்தால் மொத்தமே 1,101 விலைதான். எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட சாதாரண போனுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

வியாபாரி எண் உள்ளே இல்லையென்றால், ஒருவர் போட்ட ஹாஷை இன்னொருவர் அப்படியே நகலெடுத்துத் தன் பெயரில் போடலாம். முதலாமவர் திறக்கும்போது அவருடைய சால்டையும் நகலெடுத்துத் தானும் திறந்து, விலை தெரியாமலே சமவிலைக்கு வந்து நிற்பார்.

லாட் சீட்டு என்பது சரக்கின் விவரம் எழுதிய தாள். அதன் ஹாஷ் எதற்கு என்றால், ஏலம் முடிந்தபின் சீட்டில் "முதல் ரகம்" என்பது "கலப்பு" என்று மாறக் கூடாது. சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், சுருங்கினால் ஹாஷ் மாறும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

தமிழ் எழுத்து எதையும் அந்த வரிக்குள் விடாதீர்கள். ஊர்ப் பெயர் சேர்க்கலாமே என்று தோன்றும். "கொடைக்கானல்" என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள். 'கொ'வை யூனிகோடில் ககரத்தோடு ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட் வேறு. நேர்மையாகத் திறந்த விலை பொருந்தாமல் போய் வீண் சண்டை வரும். எண்களோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: ஆன்லைனில் ஹாஷ் போட்டுத் தரும் தளங்களில் போய் விலையைத் தட்ட வேண்டாம். ரகசியத்தைப் பூட்டுவதற்கு முன்னாலேயே அந்தத் தளத்துக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏர்பிளேன் மோடில் ஓடுகிற சின்ன ஆப் போதும். சால்டை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்து சால்ட் போனால் அந்த விலையை உலகத்தில் யாராலும் திறக்க முடியாது.

மூணுதரம்:

அண்ணன் சொன்ன ஹாஷ் பகுதி சரி. ஆனால் "பொதுவில் போடுகிறார்கள்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். அந்தப் பொதுப் பலகை எது? நடுவரை விலையிலிருந்து விரட்டினால் அவர் கடிகாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

வாட்ஸ்அப் குழுவையே பலகையாக வைத்தால், அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கலாம். அதைவிடப் பெரிய வம்பு நேரம். கவுஞ்சியில் ஒருவர் 5.58-க்கு அனுப்புகிறார், ஒற்றை டிக்கோடு தொங்குகிறது, 6.20-க்குச் சிக்னல் வந்தபின் போய்ச் சேர்கிறது. அவர் போனில் 5.58 என்றே நிற்கும். அவர் சொல்வது பொய்யில்லை. அதை ஏற்றுக்கொண்டால், வேண்டுமென்றே டேட்டாவை அணைத்து வைத்து, மற்றவர் திறந்ததைத் தெரிந்துகொண்டு, போனின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி அனுப்புகிறவனையும் ஏற்க வேண்டிவரும்.

நாலு சாட்சி வையுங்கள். சாட்சி என்றால் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கையெழுத்துச் சாவி (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ரகசிய எண்) இருக்கும். ஹாஷ் வந்ததும் "041, 07, 11, இந்த ஹாஷ், வந்த நேரம் இது" என்று கையெழுத்திட்டு ரசீது திருப்பி அனுப்பும். நாலில் மூன்று ரசீது கெடுவுக்குள் வாங்கியவரின் விலை மட்டும் செல்லும். இரண்டு ரசீதோடு நிற்பவர் வெளியே.

ஏன் நாலு, ஏன் மூன்று? நாலில் எந்த மூன்றை எடுத்தாலும், இன்னொரு மூன்றோடு குறைந்தது இரண்டு சாட்சியாவது பொதுவாக இருக்கும். ஒரு சாட்சி பொய்யாக இருந்தாலும் அந்த இருவரில் ஒருவர் யோக்கியர். அதனால் வியாபாரிகளுக்கு ஒரு பட்டியல், விவசாயிகளுக்கு வேறு பட்டியல் என்று காட்ட முடியாது. தாமதமாக வந்ததற்கு முன்தேதி போடவும் முடியாது. மூன்று சாட்சி மட்டும் வைத்து "இரண்டு போதும்" என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஒரே ஒருவன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஆடலாம்.

சாட்சிகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நாலும் மேல்மலையில் இருந்தால் ஒரே கரண்ட் கட்டில் நாலும் படுத்துவிடும். இரண்டு மலையில், இரண்டு கீழே, வெவ்வேறு நிறுவன சிம்மில் வையுங்கள். விவசாயி பக்கம் இரண்டு, வியாபாரி பக்கம் இரண்டு. 6 மணிக்கு மூன்று சாட்சி உயிரோடு இல்லையென்றால் கெடு மறுநாள் அதே நேரத்துக்குப் போகும் என்று முன்கூட்டியே விதி எழுதிவிடுங்கள். விலை பூட்டியே இருப்பதால் தள்ளிப்போவதில் யாருக்கும் லாபம் இல்லை. வாய் ஏலத்தில் இப்படித் தள்ளினால் தலைகீழாகிவிடும்.

டேட்டா போனாலும் சாதாரண எஸ்.எம்.எஸ். பல நேரம் நுழைந்துவிடும். ஹாஷ் 64 எழுத்து, ஏல எண் 3, லாட் 2, வியாபாரி 2, இடையில் மூன்று ஸ்பேஸ், ஆக 74. ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து அளவு. உள்ளே ஒரே ஒரு தமிழ் எழுத்து விழுந்தாலும் அளவு 70-க்கு இறங்கி, செய்தி இரண்டாக உடைந்து, பாதி வரும், பாதி வராது. தமிழ் வேண்டாம் என்று மேலே அண்ணன் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

மேல்மலை_தட்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. சாட்சி முறை புரிந்தது. 6 மணிக்குப் பிறகு ஒருவர் "நான் திறக்கவில்லை, விட்டுவிடுங்கள்" என்றால்? டெபாசிட் 10 சதவீதம் வாங்கினால் போதுமா?

கட்டுத்தொகை:

போதாது. உங்கள் அளவிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

500 கிலோ லாட், கிலோ 200 என்று வைத்தால் ஒரு லட்சம். 10 சதவீதம் 10,000. ஒரு வியாபாரி தன் பெயரிலும், மச்சான் பெயரிலும், கணக்குப்பிள்ளை பெயரிலும் 300, 270, 240 என்று மூன்று ஹாஷ் போடுகிறார். மற்றவர்கள் திறக்கும்வரை காத்திருக்கிறார். வெளியாரில் உச்சம் 235 என்று தெரிகிறது. 240-ஐ மட்டும் திறக்கிறார். இரண்டு டெபாசிட் போச்சு, 20,000 நஷ்டம். 300-க்கு எடுக்க வேண்டியதை 240-க்கு எடுத்ததில் மிச்சம் 60 × 500 = 30,000. கையில் நிகரமாக 10,000. விதிக்கு உட்பட்டே விவசாயியை அடித்துவிட்டார்.

டெபாசிட்டைப் பெயருக்கு ஒன்று என்று வாங்காமல் ஹாஷுக்கு ஒன்று என்று வாங்குங்கள், இந்த அளவுக்கு 20,000-க்குக் குறையாமல். எல்லோருக்கும் ஒரே தொகை. "உன் விலைக்கு ஏற்றபடி கட்டு" என்றால் கட்டிய தொகையே விலையைக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 2017-இல் டாட்-ஈத் பெயர்களை (இணைய முகவரி போன்றவை) இதே மூடிய ஏலத்தில்தான் விற்றார்கள்: மூன்று நாள் ஹாஷ், இரண்டு நாள் திறப்பு. விலைக்குக் குறையாத பணத்தை முன்பே கட்ட வேண்டும் என்பதால் உச்சவரம்பு வெளியே தெரிந்தது. மறைக்க நினைத்தவர்கள் வேண்டுமென்றே கூடுதலாகக் கட்டினார்கள். திறக்க மறந்தவர்களுக்கு ஏறக்குறைய முழுத் தொகையும் போனது. 2019-இல் ஏலத்தையே கைவிட்டு நிலையான வருடக் கட்டணத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைவிடச் சுத்தமான வழி, திறக்கும் வேலையை வியாபாரி கையிலிருந்தே எடுத்துவிடுவது. டிராண்ட் என்று ஒரு வலையமைப்பு 2019 முதல் ஓடுகிறது. இணைய நிறுவனமான கிளவுட்ஃபிளேர், சுவிட்சர்லாந்தின் ஈ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிலி பல்கலைக்கழகம் போன்றவை சேர்ந்து நடத்துவது. அதன் குவிக்நெட் தொடரில் 3 விநாடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உறுப்பினர்களில் போதுமானவர்கள் கையெழுத்திட்டால்தான் அந்தச் சுற்றின் தற்போக்கு எண் பிறக்கும். எதிர்காலச் சுற்று ஒன்றின் பெயரில் இப்போதே பூட்டலாம். அந்தச் சுற்று வந்ததும் அதில் பிறக்கும் எண்ணே சாவி, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். திறக்கும் நேரம் 6.30 என்று வைத்தால், தொடர் தொடங்கிய நேரத்தை அதிலிருந்து கழித்து, விநாடியாக்கி, 3-ஆல் வகுத்து 1 கூட்டினால் சுற்றின் வரிசை எண் கிடைக்கும்.

வியாபாரி ஹாஷோடு சேர்த்து விலை, சால்ட் இரண்டையும் 6.30 சுற்றுக்குப் பூட்டி அனுப்பட்டும். 6.30-க்கு அவர் தூங்கினாலும் பெட்டி தானாகத் திறக்கும். உள்ளே குப்பையை வைத்துப் பூட்டியிருந்தால் ஹாஷோடு பொருந்தாது, டெபாசிட் போகும். குறை ஒன்று: பூட்டிய பொட்டலம் எஸ்.எம்.எஸ்ஸில் அடங்காது, டேட்டா வேண்டும். டேட்டா கிடைக்காதவர் ஹாஷை மட்டும் எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பி, கையால் திறக்கட்டும், ஆனால் அவருக்கு டெபாசிட் இரட்டிப்பு. அந்த நிறுவனங்களில் பெரும்பகுதி கூட்டுச் சேர்ந்தால் முன்கூட்டித் திறக்க முடியும் என்பதும் உண்மை. பூம்பாறைப் பூண்டுக்காக அவர்கள் கூட்டுச் சேர்வார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் வேறு வழி பார்க்கலாம்.

டெபாசிட் இருக்கும் கணக்குக்கு மட்டும் கணிதத்தில் மருந்து இல்லை. விவசாயி ஒருவர், வியாபாரி ஒருவர், வெளியாள் ஒருவர், மூவரில் இருவர் கையெழுத்து என்று வங்கியில் கூட்டுக் கணக்கு. அவ்வளவுதான்.

மூணுதரம்:

பிளாக்செயின் கேட்டிருந்தார் இல்லையா. டெபாசிட்டை மனிதக் கை படாமல் பிடித்துவைக்க ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) மட்டும்தான் உண்மையில் கூடுதலாக எதையாவது தரும். அதற்காக 11 வியாபாரிகளும் கிரிப்டோ வாங்கி விற்க வேண்டும். 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தம். பூண்டில் கிடைக்கும் மார்ஜினுக்கு இது கட்டுப்படியாகாது. ஹாஷ் பலகைக்கு நாலு சாட்சியே தாராளம். யாரென்றே தெரியாத ஆயிரம் பேர் ஏலம் கேட்கும் இடத்தில் கதை வேறு. இங்கே 11 பேருக்கும் முகம் தெரியும்.

பங்குக்கோடு:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. மேலே சொன்ன எல்லா முறையிலும் 6.30-க்கு மேல் தோற்ற விலைகளும் அம்பலமாகிவிடும். வியாபாரிகள் சிண்டிகேட் போட்டிருந்தால் அது அவர்களுக்குக் கொண்டாட்டம். "210-க்கு மேல் யாரும் போகக் கூடாது" என்று பேசிவைத்தபின் யார் 225 போட்டான் என்று பட்டியலைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வியாபாரியின் வழக்கமும் நாலு வாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும்.

தோற்ற விலையைத் திறக்காமலே ஜெயித்தவரைக் கண்டுபிடிக்கலாம். டென்மார்க்கில் 2008 ஜனவரியில் சர்க்கரைக்கிழங்கு (சர்க்கரை எடுக்கும் பீட்) விவசாயிகள் உற்பத்தி உரிமையை இப்படித்தான் கைமாற்றினார்கள். சுமார் 1,200 விவசாயிகள், 25,000 டன் அளவு உரிமை. வாங்கும் கம்பெனி டானிஸ்கோ ஒன்றுதான். விவசாயி எந்த விலைக்கு எவ்வளவு என்று சொன்னால் அவனுடைய வரவுசெலவே கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அதனால் டானிஸ்கோவிடம் ஒரு கணினி, விவசாயிகள் சங்கத்திடம் ஒன்று, ஆராய்ச்சிக் குழுவிடம் ஒன்று. மூன்றும் சேர்ந்து கணக்குப் போட்டன. எந்த ஒன்றும் தனியாக எந்த விலையையும் பார்க்கவில்லை. சந்தை விலை மட்டும் வெளியே வந்தது.

உள்ளே நடப்பதைச் சின்ன எண்ணில் பார்க்கலாம். விலை 243. போன் தற்போக்காக 58-ஐ எடுக்கிறது. முதல் கணினிக்கு 243 + 58 = 301, இரண்டாவதுக்கு 243 + 116 = 359, மூன்றாவதுக்கு 243 + 174 = 417. 301 மட்டும் வைத்திருப்பவருக்கு விலை 243-ஆ 190-ஆ தெரியாது. இரண்டு பேர் சேர்ந்தால் 2 × 301 − 359 = 243. கிரிப்டோகிராஃபி அறிஞர் ஷமீர் 1979-இல் சொன்ன பங்கீடு இது. நிஜத்தில் ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்த மீதியில் கணக்குப் போடுவார்கள். நான் எழுதிய மாதிரி வெறும் கூட்டலாக விட்டால் பங்கின் அளவே விலையைப் பற்றித் துப்புக் கொடுக்கும்.

பங்குகளைக் கூட்டுவது சுலபம், அவரவர் இடத்திலேயே கூட்டிக்கொள்ளலாம். எது பெரியது என்று ஒப்பிடுவதில்தான் கணினிகள் பலமுறை பேசிக்கொள்ள வேண்டும். 11 விலைக்கு அது பெரிய வேலையில்லை. எம்பி-ஸ்பீட்ஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் நடுவில் டவர் போனால் கணக்கு பாதியில் நிற்கும், அதனால் இந்தக் கணினிகளை மலைமேல் வைக்காதீர்கள். முதல் சீசனிலேயே இதில் இறங்கவும் வேண்டாம். ஹாஷைத் தாளில் சரிபார்த்துக் காட்டலாம், இதைக் காட்ட முடியாது. மக்கள் நம்புவதற்கு ஒரு சீசன் பிடிக்கும்.

ஜெயித்தவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும் என்ற விக்ரே முறையை யாராவது சிபாரிசு செய்வார்கள், 1961-லிருந்து பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மனசில் உள்ள விலையை அப்படியே சொல்லலாம் என்பது அதன் அழகு. ஆனால் ஒரே சந்தையில் தினமும் டீ குடிக்கும் 11 பேரிடம் அது வேண்டாம். ஒருவன் 300 போட்டு மற்ற பத்துப் பேர் 180 போட்டால் சரக்கு 180-க்குப் போகும். சிண்டிகேட்டை மீறி 200 போட்டாலும் ஒருவனுக்கும் ஒன்றும் கிடைக்காது. உச்ச விலையையே வாங்குங்கள். விவசாயியும் தன் குறைந்தபட்ச விலையை ஹாஷாக முன்பே பலகையில் போட்டுவிடட்டும். திறக்கும்போது உச்சம் அதற்குக் கீழே இருந்தால் விற்பனை இல்லை.

தராசுமுள்:

விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பணம் கைமாறும் இடத்தில் ஏலம் உடைவது சரக்கில். ஜெயித்தவர் மறுநாள் வந்து "ஈரம், சின்னப் பல்லு, பத்து ரூபாய் குறை" என்பார். ஹாஷ் அங்கே வாயே திறக்காது.

லாட் சீட்டில் இவை கட்டாயம்: தாளோடு கட்டா, அறுத்த உதிரியா, அறுவடைத் தேதி, புகையில் போட்டதா, நிழல் காய்ச்சலா, எத்தனை நாள், மூட்டை எண்ணிக்கை, எடை எங்கே, எந்தத் தராசில். பூண்டு காயக் காய எடை இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பணம் எந்த எடைக்கு என்பதை எழுதாத ஏலம் ஏலமே இல்லை. ஏற்றும் இடத்து எடைக்கே பணம், வழியில் காய்வது வாங்கியவர் கணக்கு என்று வைத்தால் சுலபம். விலை கேட்கும்போதே அதைக் கழித்துத்தான் கேட்பார்கள்.

ஐந்து மூட்டைக்கு ஒன்று திறந்து, மேலே, நடுவே, அடியில் கையை விட்டு எடுத்து, ஒரு கிலோ வீதம் இரண்டு மாதிரிப் பை. வாய் தைத்து, தையல் மேலேயே ஒட்டிய சீட்டில் விவசாயியும் ஒரு சாட்சியும் குறுக்கே கையெழுத்து. ஒன்று கீழே உள்ள சாட்சியிடம், ஒன்று மலையில். தகராறு என்றால் இரண்டையும் ஒன்றாகப் பிரித்துச் சரக்கோடு ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், வேர்த்து முளைவிட்டு மாதிரியே பொய் சொல்லும். துணிப் பை.

இதே முறையை நீலகிரித் தேயிலைக்கோ ஏலக்காய்க்கோ அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தேயிலைக்கு 2003 சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையும், ஏலக்காய்க்கு 1987 உரிம விதிகளும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் ஏலம் நடத்த முடியாது.

மேல்மலை_தட்டு:

கடைசியாக ஒன்று. இரண்டு பேர் ஒரே விலை போட்டால்? யாருடைய ஹாஷ் எண் சிறியதோ அவருக்கு என்று வைக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

ஹாஷ்_முடிச்சு:

கூடாது. சால்டை மாற்றி மாற்றி லட்சம் தடவை ஹாஷ் போட்டு, மிகச் சிறிய எண் வந்ததைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். லேப்டாப்பில் சில விநாடி வேலை. முதலில் வந்தவருக்கு என்றும் வைக்காதீர்கள், சிக்னல் நன்றாக உள்ள ஊர்க்காரருக்கே எப்போதும் போகும். 6.35-க்கு வரும் டிராண்ட் சுற்றின் தற்போக்கு எண்ணை அவரவர் ஹாஷோடு சேர்த்து மறுபடி ஒரு ஹாஷ் போடுங்கள், அதில் சிறியது யாருடையதோ அவருக்கு. 6 மணிக்குப் பூட்டும்போது 6.35 எண் யாருக்கும் தெரியாது. எந்தச் சுற்று என்பதை ஏல அறிவிப்பிலேயே எண்ணாக எழுதிவிடுங்கள்; "சுமார் 6.35" என்று எழுதினால் அதற்கும் ஒரு நடுவர் வேண்டிவரும்.